எழுவதற்கு முன் ஒரு முடிச்சு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்ட எவரும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு: "எப்போ முடிப்பே?" கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். பள்ளியில் ஆசிரியர் அறையில் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை. ஆனால் ஓர் ஆய்வு முடிவதும் முடியாமல் இழுப்பதும் வேறொரு கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். யாரும் கேட்காத அந்தக் கேள்வி இதுதான்: "போன தடவை எந்த இடத்தில் விட்டாய்?"

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். 19-ஆம் நூற்றாண்டில் எங்கள் மாவட்டத்து ஏரிகளின் மராமத்தை யார் பார்த்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள், எப்போது கைவிட்டார்கள் என்பது என் தலைப்பு. அதற்கான ஆவணங்களில் பெரும்பகுதி சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அது அரசு அலுவலகம். அதன் வேலைநாட்களில் எனக்கும் வகுப்பு இருக்கும். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளில் அமைகிற நாட்களில்தான் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்க முடியும். டிசம்பரில் பார்த்த கட்டின் தொடர்ச்சியை அடுத்த மே மாதம்தான் பார்ப்பேன். இடையில் பொதுத்தேர்வு வரும், விடைத்தாள் திருத்தும் பணி வரும், தேர்தல் ஆண்டானால் தேர்தல் பணியும் வரும். வீட்டில் மகளின் படிப்பு, மாமியாரின் மருத்துவமனை நாட்கள் எல்லாம் உண்டு.

முழுநேர ஆய்வாளர்களின் நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. துறை வேலை, கருத்தரங்கு, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு, உதவித்தொகைக்கான தாள்கள் என்று அவர்களுடைய நாளும் துண்டுதுண்டாகத்தான் கையில் வருகிறது. எனவே நேரத்தை எப்படிச் சேர்ப்பது என்று யோசிப்பதைவிட, துண்டுகளை எப்படி இணைப்பது என்று யோசிப்பது பயன் தரும். பூ கட்டுகிறவர்கள் பாதியில் எழ வேண்டி வந்தால் நாரில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுவார்கள். எத்தனை நேரம் கழித்து வந்தாலும் கட்டிய பூ அவிழ்ந்திருக்காது. ஆய்வு மாணவருக்குத் தேவையான ஒழுங்கு இதுதான் என்று நம்புகிறேன். என் பழக்கங்கள் எல்லாமே இந்த முடிச்சின் வெவ்வேறு வடிவங்கள்.

சீட்டில் முதல் வரி

ஆவணக் காப்பகத்தில் நான் அதிகம் பார்ப்பது வருவாய் வாரியத்தின் நடவடிக்கைத் தொகுதிகள். ஒரு கிராமத்து ஏரியின் கலிங்கைப் பழுதுபார்க்கத் தாசில்தார் பணம் கேட்டிருப்பார். கலெக்டர் அதை வாரியத்துக்கு அனுப்பியிருப்பார். வாரியம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் திருப்பியிருக்கும். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது கை பரபரக்கும். உடனே செய்தியை எழுதிக்கொள்ளத் தோன்றும். நான் அப்படித் தொடங்குவதில்லை. குறிப்புச் சீட்டின் முதல் வரியில் ஆவணத்தின் முகவரியை எழுதுகிறேன்: எந்தத் துறை, எந்தத் தொகுதி, எந்த நாள், கடித எண், பக்க எண். இந்த ஐந்தும் இல்லாமல் இரண்டாவது வரிக்குப் போவதில்லை என்பது என் விதி. "நேரமாச்சு மேடம், வால்யூமைக் கொடுத்துடுங்க" என்று ஊழியர் வந்து நிற்கும்போது செய்தி பாதியில் நிற்கலாம். முகவரி இருந்தால் அடுத்த விடுமுறையில் அதே பக்கத்துக்கு நேராகப் போய்விடலாம். முகவரி இல்லாத செய்தி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாக நிற்காது.

இரண்டாவது பகுதி, ஆவணம் என்ன சொல்கிறது என்பது. மூலத்தில் உள்ள சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி கட்டாயம். நான் என் சொற்களில் சுருக்கினால் குறி கிடையாது. மூன்றாவது பகுதி, நான் என்ன நினைக்கிறேன் என்பது. இதைப் பச்சை மையில் எழுதுகிறேன். தாசில்தார் சொன்னது எது, நான் ஊகித்தது எது என்பது அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியும். ஐந்து மாதம் கழித்துத் தெரியாது. மைதான் சொல்லும்.

இதில் நேர்மை சார்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. கருத்துத் திருட்டு தொடர்பான மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் போகப் போக நடவடிக்கை கடுமையாகும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நேரத்தில் ஒப்புமை மென்பொருளுக்குப் பயந்து வாக்கியங்களை மாற்றி எழுதுகிற நண்பர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவர்களில் பலர் திருடவே இல்லை. பிறர் சொல்லும் தன் சொல்லும் ஒரே மையில், ஒரே குறிப்பேட்டில் கலந்துவிட்டன, அவ்வளவுதான்.

என் துறையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் ஆவணம் பசலி 1286 என்று சொல்லும். வயதான ஒரு விவசாயி தாது வருஷப் பஞ்சம் என்பார். நூல் ஒன்று 1876 என்று எழுதும். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே காலம்தான். சென்னை மாகாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசலி என்ற வருவாய் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி தொடங்கியது. பசலியுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். தாது வருஷமோ சித்திரையில் பிறந்தது. ஆக, "1876" என்று மட்டும் குறித்துக்கொண்டால் எந்தப் பாசனப் பருவம் என்பதே புரியாமல் போகும். பணத்திலும் இதே நிலைதான். 1818 வரை கணக்குகள் வராகனில் இருக்கும், பிறகு ரூபாயில் வரும். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அரசின் மாற்று விகிதம். காஞ்சிபுரம் ஒரு தொகுதியில் காஞ்சீவரமாகவும், செங்கல்பட்டு எல்லாத் தொகுதிகளிலும் சிங்கில்புட்டாகவும் இருக்கும். சின்னக் கிராமங்களின் பெயர்கள் எழுத்தருக்கு எழுத்தர் மாறும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஆண்டு மாற்று, பண மாற்று, ஊர்ப்பெயர் வேறுபாடுகள் மூன்றும் அதில் உள்ளன. புதிய எழுத்துக்கூட்டல் ஒன்று கண்ணில் பட்டால் உடனே அதில் ஏறிவிடும். உங்கள் துறை வேதியியலாக இருக்கலாம், மொழியியலாக இருக்கலாம். அடிக்கடி தேடி நேரம் வீணாகிற விவரங்களை ஒரே தாளில் கொண்டுவருவது எந்தத் துறைக்கும் பொருந்தும்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. உலகமெங்கும் நூலகர்கள் அதைப் படித்தார்கள். என் சீட்டுப் பெட்டியும் ஒரு நூலகம் என்று வைத்துக்கொண்டால், அதன் ஒரே வாசகி ஐந்தாறு மாதம் கழித்து வரப்போகிற நான். அவளுக்கு இப்போது எனக்குத் தெரிந்த எதுவும் நினைவிருக்காது என்று எண்ணித்தான் ஒவ்வொரு சீட்டையும் எழுதுகிறேன்.

மூன்று வரி

ஒரு வேலையைப் பாதியில் விட்டால் அது மனத்தை விடாது. வகுப்பில் நிற்கும்போதும் அரிசி களையும்போதும் இயல் இரண்டு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இதை உளவியல் ஆய்வாளர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. முடிக்காத வேலை மனத்தில் குறுக்கிட்டு, சம்பந்தமில்லாத வேறு வேலையையும் கெடுக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களிடம் இந்தக் குறுக்கீடு நீங்கியது. வேலை முடிந்திருக்கவில்லை. திட்டம் மட்டும்தான் இருந்தது. மனம் அதற்கே அடங்கியது.

அதனால் எழுந்திருக்கும் முன் ஐந்து நிமிடத்தை ஒதுக்கி மூன்று வரி எழுதுகிறேன். எதை முடித்தேன், எங்கே நிற்கிறேன், அடுத்து முதல் வேலை என்ன. உதாரணத்துக்கு ஒன்று:

"மதகு பழுது பற்றிய சீட்டுகளைக் காலவரிசையில் அடுக்கியாயிற்று. குடிமராமத்து என்று தாசில்தார்கள் சொல்வதும் வாரியம் சொல்வதும் ஒன்றா என்ற இடத்தில் நிற்கிறேன். அடுத்து: குரோல் 1879-இல் எழுதிய செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டில் பாசனப் பகுதியை எடுத்து, குடிமராமத்து வரும் பத்திகளை மட்டும் படிக்க வேண்டும்."

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். "இயல் இரண்டை எழுத வேண்டும்" என்று அங்கே இல்லை. அப்படி எழுதினால் அது ஆசை. எந்தப் புத்தகம், எந்தப் பகுதி, எதைத் தேட வேண்டும் என்ற அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் வேலை. அதிகாலையில் வீடு எழுவதற்கு முன் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில், எங்கே தொடங்குவது என்ற யோசனைக்கு அரை மணி கொடுக்க என்னால் முடியாது. விளக்கைப் போட்டதும் கை வேலையில் இருக்க வேண்டும். மூன்று வரி இருந்தால் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். ஆசிரியர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மணி அடித்ததும் பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவர்கள் நாங்கள். மூன்று வரி எழுதிவிட்டு எழுந்தால் வகுப்பில் நான் முழுதாக இருக்கிறேன். மகள் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். ஆய்வுக்காக ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு, ஆய்வு அல்லாத நேரத்தையும் எனக்கு மீட்டுக் கொடுத்திருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாட்காட்டியும் நாட்கணக்கும்

திட்டமிடுவதில் மனிதர்கள் எல்லோருமே ஒரே மாதிரி ஏமாறுகிறோம். கனடாவில் பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சராசரி 49-ஐ எட்டியது. உண்மையில் ஆனது சராசரியாக 55 நாள். மிக மோசமான கணிப்பையும் நிஜம் தாண்டிவிட்டது. சொன்ன நாளில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. வரப்போகும் வேலையை நினைக்கும்போது அந்த வேலையை மட்டும் பார்க்கிறோம். போன முறை இதே போன்ற வேலை எத்தனை நாள் பிடித்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே நான் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாட்கணக்கும் வைத்திருக்கிறேன். வேலை, நினைத்த நாள், ஆன நாள் என்று மூன்று கட்டம். ஓர் இயலின் முதல் வரைவு, ஒரு கருத்தரங்குக் கட்டுரை, ஒரு தொகுதியைப் பார்த்து முடிப்பது என ஒவ்வொன்றையும் அதில் குறிக்கிறேன். அடுத்த முறை திட்டமிடும்போது என் நம்பிக்கையைக் கேட்பதில்லை. அந்தக் கட்டத்தைக் கேட்கிறேன்.

ஆண்டுத் திட்டத்தை ஜூன் மாதத்தில் போடுகிறேன், ஏனென்றால் என் ஆண்டு பள்ளியோடுதான் பிறக்கிறது. முதலில் என்னால் அசைக்க முடியாதவற்றை நாட்காட்டியில் எழுதிவிடுவேன்: காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம், மகளின் தேர்வு நாட்கள், ஊர்த் திருவிழா. மிச்சமிருக்கிற வெள்ளைக் கட்டங்கள்தான் ஆய்வுக்கு. பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் வரை என் மாணவர்களுக்கு நான் முழுதாகத் தேவைப்படுகிறேன். அந்த மாதங்களில் புதிதாக எழுதுவது என்று எதையும் வைப்பதில்லை. நூற்பட்டியலைச் சரிபார்ப்பது, சீட்டுகளுக்கு எண் போடுவது போன்ற, பாதியில் நிறுத்தினாலும் கெடாத வேலைகளை மட்டும் வைக்கிறேன். கோடையில் யோசிக்க வேண்டிய வேலை. இப்படிப் பிரித்துக்கொண்டால் மார்ச் மாதத்தில் எதையும் எழுதவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வராது. எழுதாமல் இருப்பதும் அப்போது திட்டத்தில் உள்ளதுதான்.

ஞாயிறு மாலையில் அரை மணி நேரம் வாரக் கணக்கு. பையில் உள்ள தாள்கள், செல்போனில் எடுத்த படங்கள், குறிப்பேட்டில் கிறுக்கியவை எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் சேர்த்துவிடுகிறேன். அந்த வாரத்து மூன்று வரிகளைத் திரும்பப் படித்து, வரும் வாரத்துக்கு ஒரே ஒரு ஆய்வு வேலையைத் தேர்ந்தெடுக்கிறேன். ஐந்தை எழுதிவைத்து ஒன்றைச் செய்தால் மனம் நாலை எண்ணும். ஒன்றை எழுதி ஒன்றைச் செய்தால் அடுத்த வாரத்துக்கு ஊக்கம் மிஞ்சும். வீட்டில் எல்லோருக்கும் அந்த அரை மணி தெரியும். "அம்மா கணக்குப் பார்க்கிறாங்க" என்று மகள் பாட்டியிடம் சொல்லிவிடுவாள்.

நெறியாளர் முன் அரைப்பக்கம்

என் நெறியாளர் முதல் சந்திப்பிலேயே ஒன்று சொன்னார்: "ஏம்மா, படிச்சதை எல்லாம் எங்கிட்ட ஒப்பிக்காதே. எதுல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்னு சொல்லு. அதுக்குத்தான் நான் இருக்கேன்." அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அரைப்பக்கத் தாள் ஒன்று கொண்டுபோகிறேன். போன சந்திப்பில் அவர் சொன்னவை, அவற்றில் செய்தவை, செய்யாதவை, இன்று அவரிடமிருந்து எனக்குத் தேவையான முடிவு. வீடு திரும்பும் ரயிலிலேயே அவர் சொன்னதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன்: "சார், இன்று நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், தவறிருந்தால் திருத்துங்கள்." பல ஆய்வாளர்களை வழிநடத்துகிறவர் ஒவ்வொருவரின் இயலையும் மனத்தில் வைத்திருப்பது கடினம். இந்த மின்னஞ்சல் சங்கிலி இருவருக்கும் நினைவாகிறது. பிற்பாடு கருத்து வேறுபாடு வந்தாலும் யார் என்ன சொன்னோம் என்ற மனத்தாங்கலுக்கு இடமில்லை.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் 2022 விதிமுறைகளில் உண்டு. டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் என்று இன்னமும் நாங்கள் சொல்கிற கூட்டம்தான். பலர் அதற்கு முந்தைய வாரம் பதறுவார்கள். அரைப்பக்கத் தாள்களையும் வாரக் கணக்கையும் தேதி வரிசையில் அடுக்கினால் பருவ அறிக்கை பெருமளவு தயாராகவே இருக்கும்.

தாள் பெட்டி

ஆய்வின் இன்னொரு பாதி அலுவலகத்தில் நடக்கிறது. பதிவு ஆணை, வேலை செய்யும் இடத்திலிருந்து வாங்கிய தடையின்மைச் சான்று, ஆண்டுக் கட்டண ரசீதுகள், கோர்ஸ் ஒர்க் மதிப்பெண் பட்டியல், குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கால நீட்டிப்புக்கான கடிதம், கட்டுரை வெளியானதற்கான சான்று. ஒவ்வொன்றும் எப்போதாவது ஒருநாள் கேட்கப்படும். ஒரு பாக்ஸ் ஃபைலில் அசல்கள் தேதி வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து கணினியில் அதே வரிசையில் வையுங்கள். எந்தக் கடிதத்தைக் கொடுத்தாலும் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு தாளை ஒட்டி, பதிவு செய்த நாள், குறைந்தபட்சக் காலம் முடியும் நாள், அதிகபட்சக் காலம் முடியும் நாள், அடுத்த கட்டணம் கட்ட வேண்டிய நாள் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுமைக்கும் சேர்த்து 240 நாட்கள் வரை அளிக்க விதிமுறைகளில் இடமிருக்கிறது. அது தெரியாததால் கேட்காமலேயே ஆய்வைக் கைவிட்ட தோழிகள் எனக்கு உண்டு. விதிமுறைகளை அச்செடுத்து அந்தப் பெட்டியிலேயே வையுங்கள்.

கணினிக்குள்

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழக்கம் இல்லாமல் மென்பொருள் உதவாது. நூற்பட்டியலுக்கு நான் சொட்டேரோவைப் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் தொடங்கிய திட்டம். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. நூலின் விவரங்களை ஒருமுறை சரியாக உள்ளிட்டால் அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் கேட்கும் வடிவில் தானாக வரும். தமிழ் நூல்களையும் ஏற்கும். தமிழில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யப் பழக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்தியை வேறு கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதில் எதையும் தேடவும் முடியாது.

கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குகிறேன்: 2025-05-12, இயல் 3, வரைவு 2. பழைய வரைவை அழிப்பதில்லை. கணினியே காலவரிசையில் அடுக்கிவிடும், எது கடைசி வரைவு என்ற குழப்பம் எழாது. ஆவணங்களைப் படம் எடுக்க அனுமதி உள்ள நூலகங்களில், பக்கத்தைப் படமெடுக்கும் முன் அட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் முதலில் எடுக்கிறேன். செல்போனிலும் முகவரிதான் முதல் வரி. பிரதிகள் மூன்று: மடிக்கணினியில் ஒன்று, பள்ளி பீரோவில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் தண்ணீர் எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது. ஏரிகளைப் பற்றி ஆராய்கிற எனக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒழுங்கைக் கற்றுக்கொடுக்க வேண்டும்

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் தனிமனிதரின் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. உட்கார ஒரு மேசை இல்லாத வீட்டில், உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிற நிலையில், கொடுத்த இயலை நெறியாளர் ஓராண்டாகப் பிரிக்காத இடத்தில், ஒரு மாணவரிடம் போய் நாட்காட்டி வைத்துக்கொள் என்று சொல்வது நியாயமாகாது. ஒழுங்கு நேரத்தை உண்டாக்காது. கிடைக்கிற நேரம் சிதறாமல் காக்கும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு குடும்பத்துக்கும் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கிறது.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை நான். என்னைப் போன்றவர்கள் இன்று தமிழ்நாட்டு ஆய்வுத் துறைகளில் நிறைய இருக்கிறோம். கல்வியாளர் வீட்டுப் பிள்ளை, அப்பா குறிப்பெடுப்பதைப் பார்த்தே வளர்கிறது. எங்களுக்கு அப்படிப் பார்க்க வாய்ப்பில்லை. யாரோ ஒரு மூத்த ஆய்வாளர் மனமுவந்து காட்டினால்தான் உண்டு. எனக்குச் சீட்டு எழுதக் காட்டிக்கொடுத்தவர், ஆவணக் காப்பகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். தன் சீட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தி, "இதைப் பார்த்துக்கோம்மா, முதல் வரியை விட்டுடாதே" என்றார். அந்த உதவி தற்செயலாக நடந்தது. தற்செயலை நம்பி ஒரு தலைமுறையின் ஆய்வு நடக்கக் கூடாது.

முனைவர் பட்ட கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு நெறிமுறையும் வெளியீட்டு அறமும் அதில் கட்டாயப் பாடங்கள். கருதுகோள் என்றால் என்ன என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு குறிப்பை எப்படி எழுதினால் அது ஓராண்டு கழித்தும் பேசும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்குப் புதிய பாடத்திட்டமோ நிதியோ தேவையில்லை. ஆய்வேட்டை முடித்து வைவாவுக்குக் காத்திருக்கும் ஒருவரை ஒவ்வொரு துறையும் அழைக்கட்டும். அவர் தன் குறிப்பேட்டையும் கோப்புகளையும் தாள் பெட்டியையும் கொண்டுவந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் முன் திறந்து வைக்கட்டும். கேள்விகள் வரட்டும். ஒரு பிற்பகல் போதும். வரும் ஜூலையில் சேரப்போகிறவர்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.